பெஞ்சுக்கு அடியில் இருந்த பில்டர்

கார் பட்டறையில் அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். பானட்டைத் திறக்கும் முன்பே மோந்து பார்த்து, கிளட்ச் கருகுகிறதா, ஆயில் ஒழுகுகிறதா என்று சொல்லிவிடுவார். சும்மா சொல்லக்கூடாது, முப்பது வருடத் தொழிலில் அந்த மூக்கு பொய் சொன்னதில்லை. வாய்தான் சொன்னது. அதுவும் ஒரே ஒருவரிடம், ஏழு வருடம்.

அந்த ஒருவர் டீச்சர். மூக்கரின் மகளுக்கு ஆறாம் வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். ரிட்டையர் ஆன பிறகு அவருக்குத் துணை ஒரு பழுப்பு நாயும் ஒரு பழைய வெள்ளைக் காரும்தான். டீச்சர் ஓட்ட, பக்கத்து சீட்டில் நாய் மகாராணி மாதிரி உட்கார்ந்து வரும். ஏசி போட்டால் டீச்சருக்குத் தும்மலும் மூச்சிரைப்பும். "காத்து வர்ற வழியில தூசியை வடிகட்ட ஒரு பில்டர் இருக்குமாமே, அதை மாத்திக் குடுங்களேன்" என்று ஒருநாள் வண்டியை விட்டுவிட்டுப் போனார்.

புதுக் கார்களில் அது கைக்கு எட்டுகிற வேலை. இந்தப் பழைய காரிலோ டேஷ்போர்டு டப்பாவைக் கழற்றி, தலைகீழாகப் படுத்து, கழுத்தை ஒடித்துக்கொண்டு கையை உள்ளே விட வேண்டும். அன்று வாசலில் நான்கு வண்டி நின்றது. மூக்கருக்கு இடுப்புப் பிடிப்பு வேறு. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை.

பெஞ்சுக்கு அடியில் ஒரு பழைய பில்டர் கிடந்தது. ஏதோ ஒரு வாடகைக் காரிலிருந்து எடுத்தது. மாற்றாமல் விட்டால் இப்படித்தான் ஆகும் என்று வருகிறவர்களுக்குக் காட்ட வைத்திருந்தார். கரி பிடித்து, தூசியும் முடியும் அப்பி, பார்க்கவே குமட்டும். சாயங்காலம் வந்த டீச்சர் கண்ணில் அது பட்டுவிட்டது.

"ஐயையோ, இதுவா என் வண்டியில இருந்துச்சு?"

"ஆமா டீச்சர்."

ஏன் அப்படிச் சொன்னார்? அவருக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. அது போதாதென்று, அதில் ஒட்டியிருந்த முடியைக் காட்டி, "உங்க மகாராணியோட வேலையைப் பாருங்க!" என்று சிரித்து வேறு தொலைத்தார். டீச்சர் முகம் சிவந்துபோனது. "மன்னிச்சுக்கோங்க, இவ்வளவு அசிங்கமா வச்சிருந்திருக்கேன்" என்று அவரிடமே மன்னிப்புக் கேட்டார்.

அப்புறமென்ன, முதல் வருடம் சொன்ன பொய்யை அடுத்த வருடமும் சொல்லித்தானே தீர வேண்டும்? வருடாவருடம் அதே பில்டர் வெளியே வரும், டீச்சர் முகம் சுளிப்பார், அது பெஞ்சுக்கு அடியில் திரும்பப் போகும். கதவோரத்து ஸ்டிக்கரில் 'ஏசி பில்டர் மாற்றியது' என்று மூக்கர் தேதி போட்டு எழுதுவார். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். கூலியும் வாங்கிக்கொள்வார், வெட்கமில்லாமல். மூன்றாம் வருடம் நாயைக் காணோம். "மகாராணி எங்கே டீச்சர்?" என்றார். "ஒருத்தங்க வீட்டுல குடுத்துட்டேன்" என்று டீச்சர் பேச்சை மாற்றிவிட்டார்.

இந்த வருடம் கண் மங்கி, டீச்சர் காரை விற்க முடிவு செய்தார். வாங்கியது யார் தெரியுமா? மூக்கரின் மகள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் அவள். "எங்கப்பா கை பட்ட வண்டி, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று ஊரெல்லாம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் ஒரு புது பில்டரை மாட்டிவிடலாம் என்று மூக்கர் கணக்குப் போட்டார்.

மகள் சனிக்கிழமையே காரோடு வந்து நின்றாள். அப்பனுக்குப் பிறந்தவள் இல்லையா, டப்பாவைத் தானே கழற்றி சீட்டில் போட்டிருந்தாள்.

"அப்பா, உள்ள பாருங்க."

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். பில்டர் நுழைக்கிற இடத்தை ஒரு பிளாஸ்டிக் மூடி அடைத்திருந்தது. கம்பெனியில் வார்த்தபடியே, நான்கு பக்கமும் ஒட்டி, ஒரு கீறல்கூட இல்லாமல்.

"விலை குறைஞ்ச மாடல்ல பில்டரே வைக்க மாட்டாங்களாம்ப்பா. இடத்தை விட்டுட்டு அடைச்சிடுவாங்களாம். அறுத்தாத்தான் வைக்க முடியும். நீங்க ஏழு தடவை எதை மாத்தினீங்க?"

ஒரே ஒரு தடவை அந்த டப்பாவைக் கழற்றியிருந்தால் இது அவருக்கும் தெரிந்திருக்கும். "அது வந்து... சில வண்டில..." என்று மென்று விழுங்கினார்.

"வேணாம்ப்பா." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. முகத்தைப் பார்க்காமல் ஸ்டிக்கரைப் பார்த்தே பேசினாள். "டீச்சர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மகள் இனி தன் முகத்தைப் பார்க்கவே மாட்டாளோ என்ற பயத்தில், "நானே சொல்றேம்மா" என்றார்.

அந்தப் பழைய பில்டரைத் தினத்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு அன்றே போனார்கள். மகள் காரிலேயே இருந்துவிட்டாள். டீச்சர் வீட்டு மேசையில் மூச்சுக்கு இழுக்கிற மருந்து இருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் நாய்ச் சங்கிலி இன்னும் தொங்கியது. மூக்கர் தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

டீச்சர் திட்டவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, ஒரு முடியை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்போ இது அவ முடி இல்லையா?"

"இல்ல டீச்சர். வேற யாரோட வண்டியோ."

"டாக்டர்கிட்ட இதைச் சொன்னேன். அவ்வளவு முடின்னா நாய் உங்களுக்கு ஆகாதுன்னுட்டாரு. அதனாலதான் குடுத்தேன். திரும்பி வர்றப்ப வண்டிக்குப் பின்னாடியே ஓடி வந்தா. கண்ணாடியை ஏத்திக்கிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறமும் நீங்க வருஷாவருஷம் அதே முடியைக் காட்டினீங்க. இன்னும் போகலையேன்னு நானும் சீட்டைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தேன்."

"இப்ப எங்க இருக்கா? நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன் டீச்சர். இப்பவே போறேன்."

"போன வருஷமே போய்ச் சேர்ந்துட்டா."

மூக்கர் எப்படி வெளியே வந்தாரோ தெரியாது. "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள் மகள். தலையாட்டினார். அவள் கை நீட்டி முன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். அவர் மகாராணி உட்கார்ந்து வந்த அந்த சீட்டைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.