கேரட் தொட்டியில் ஞானஸ்நானம்

அப்பாவின் நுரையீரல் சுருங்கத் தொடங்கியபோது அவர் இன்னும் ஞானஸ்நானம் எடுத்திருக்கவில்லை. எங்கள் சபையில் முழுக்கு ஞானஸ்நானம்தான். எமரால்டு அணையோரம், சித்திரை வெயிலில் கொடுப்பார்கள். அந்த மாதத்தில்தான் தேயிலைக் கொழுந்து பொங்கும். எஸ்டேட்டில் லீவு கிடைக்காது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். இந்த முறை கோடை வரைக்கும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் மார்கழியிலேயே சொல்லிவிட்டார்.

அப்பா சாவுக்குப் பயப்படவில்லை. விசுவாசம் இருந்தும் தண்ணீரில் இறங்காதவனை ஆண்டவர் ஏற்றுக்கொள்வாரா என்றுதான் பயந்தார். பாஸ்டர் வீட்டுக்கு வந்து பொறுமையாக விளக்கினார். இரட்சிப்பு விசுவாசத்தால் வருவது, ஞானஸ்நானம் அதைத் தொடரும் கீழ்ப்படிதல், முடியாதவரிடம் ஆண்டவர் அதைக் கேட்கமாட்டார் என்றார். அப்பா முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"முடியாதவன் இல்லீங்க பாஸ்டர். முடிஞ்சப்ப தள்ளிப்போட்டவன்."

நான் குன்னூரில் ஒரு மருத்துவமனையில் சுவாசப் பிரிவு டெக்னீஷியன். எனக்குத் தெரிந்த வழியில் ஒரு பட்டியல் போட்டேன்: வெதுவெதுப்பான தண்ணீர், இருமல் அடங்கிய நேரம், சின்ன ஆக்சிஜன் சிலிண்டர், உலர்ந்த கம்பளி. இவை எல்லாம் இருந்தால் ஒரு மூச்சு நேரம் முங்கி எழலாம். அணை இதற்கு ஒத்துவராது. சபையைச் சேர்ந்த விவசாயி ஒருவர், தன் தோட்டத்தில் கேரட் கழுவும் சிமெண்ட் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தார். சபையார் வீட்டுக்கு ஓர் அண்டா வெந்நீர் அனுப்புவது என்று ஏற்பாடு.

அங்கேதான் தப்பு நடந்தது. இந்தக் குளிரில் வழியிலேயே ஆறிவிடும் என்று ஒவ்வொரு வீட்டிலும் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, சாக்குச் சுற்றி ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். அம்மாவின் அண்டாதான் எல்லாவற்றிலும் சூடு. அம்மா சபைக்கு வருகிறவர் அல்ல, மாரியம்மனைக் கும்பிடுகிறவர். சளி பிடித்தால் உங்கள் ஆண்டவர் வந்து தைலம் தேய்ப்பாரா என்று என்னைக் கேட்டுக்கொண்டே அடுப்பு எரித்திருந்தார். அண்டாவோடு ஜீப்பில் அவரும் ஏறி வந்துவிட்டார்.

தொட்டியில் விரல் வைக்க முடியவில்லை. மோட்டாருக்குக் கரண்ட் மதியத்துக்கு மேல்தான் வரும். கீழே ஓடையிலிருந்து குடம் குடமாகப் பச்சைத் தண்ணீர் தூக்கினார்கள்.

"கேரட்ட வேணா அவிக்கலாமுங்க, ஆள முக்க முடியாதுங்க" என்றார் விவசாயி.

அப்பா மட்டும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்காமல் போயிற்று. தண்ணீர் பதமானபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. பாஸ்டர் முடிவை என்னிடம் விட்டார். நான் வேண்டாம் என்றேன். அப்பா தொட்டியைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அம்மாதான் செருப்பைக் கழற்றினார்.

"எறக்குங்க. இந்த ஏக்கத்தோட ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நான் என்ன பண்றது?"

புடவையோடு தொட்டிக்குள் இறங்கி அப்பாவின் ஒரு தோளைப் பிடித்துக்கொண்டார். மறுதோளைப் பாஸ்டர் பிடித்தார். விசுவாசத்தை வாயால் அறிக்கை செய்வது எங்கள் சபை வழக்கம். அப்பாவிடம் அதற்கு மூச்சு இல்லை. கண்ணை மூடித் தலையசைத்தார். போதுமுங்க என்றார் பாஸ்டர். நான் அப்பாவின் மூக்கிலிருந்து ஆக்சிஜன் குழாயை எடுத்தேன். முக்கியதும் தூக்கியதும் ஒரே அசைவாக இருந்தது. பாஸ்டருக்கு முன்பே அம்மா தூக்கிவிட்டார்.

அப்பா கோடை வரை இருக்கவில்லை. அடக்க ஆராதனையில் பாஸ்டர், இவர் விசுவாசத்தால் இரட்சிக்கப்பட்டவர் என்று மட்டும் சொன்னார். தொட்டியைப் பற்றிப் பேசவில்லை. சரியான போதனைதான், நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அந்தக் கடைசி வாரங்களில் அப்பா என்னிடம் கேட்டவை எனக்கு நினைவிருக்கின்றன. அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா, கூரைத் தகரத்துக்கு ஆள் சொல்லியாயிற்றா, எனக்கு நைட் ஷிஃப்ட் எப்போது முடிகிறது. ஆண்டவர் தன்னை ஏற்றுக்கொள்வாரா என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.