சோளகம் புகுந்த மண்டபம்

கோபிசங்கர் தன் மச்சானைக் மண்டபக் கதவடியில் நிறுத்திவைத்துத்தான் அந்தப் பூப்பந்து ஆட்டத்தை வென்றவர் என்று நெடுந்தீவில் ஒரு கதை உலாவுகிறது. மாவிலித்துறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் மாக்கிறேற் அக்கா, வள்ளத்தால் இறங்குகிற எல்லோருக்கும் தேத்தண்ணியோடு அதையும் ஆற்றிக் கொடுக்கிறார். "நான் என்ர கண்ணால கண்டனான்" என்று வேறு சொல்லுவார். பட்டினத்தில் விளையாட்டு விழா நடந்த அன்று அவர் தீவை விட்டு அசையவில்லை என்பது அவருடைய ஆடுகளுக்குக்கூடத் தெரியும். உண்மைக் கதை வேறு. அதைச் சொல்ல முன்னம் ஆளைச் சொல்லவேண்டும்.

கோபிசங்கர் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓட்டுகிறவர். துறையில் இறங்கும் சீமெந்து, காஸ் சிலிண்டர், கலியாண வீட்டுக் கதிரை எல்லாம் அவருடைய பெட்டியில் ஏறித்தான் ஊருக்குள் போகும். நாற்பத்தாறு வயது, கொஞ்சம் வண்டி வயிறு, அதை மறைக்க அகலமான சேட்டு. பையில் பழைய பூப்பந்திலிருந்து பிடுங்கிய ஓர் இறகு எப்போதும் இருக்கும். பீடி பற்றவைக்க முதல், வைக்கோல் ஏற்ற முதல், ஒரு கதிரையில் இருக்க முதல்கூட அதை எடுத்து நழுவவிட்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். பிறகு குனிந்து பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் இதைச் செய்தாராம். "எனக்கு நேர இருக்காமல் காத்துக்கு நேர இருந்த மனிசன்" என்று அவர் மனைவி நிலாந்தி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

காரணம் இருக்கிறது. நெடுந்தீவில் பூப்பந்து என்றால் வெட்டவெளியில், கல்வேலிக்குப் பக்கத்தில். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் பந்து வலது மூலையில் விழவேண்டுமென்றால், இடது பக்கத்துப் பனையைப் பார்த்து அடிக்கவேண்டும். மிச்சத்தைக் காற்றுப் பார்த்துக்கொள்ளும். கோபிசங்கர் சின்ன வயதிலிருந்தே அந்தப் பனையைப் பார்த்து அடித்தவர்.

விளையாட்டு விழாவோ பட்டினத்து உள்ளரங்கில். கதவெல்லாம் பூட்டி, காற்றுப் போட்ட பந்து போல ஒரு மண்டபம். அங்கே பனையும் இல்லை, சோளகமும் இல்லை. ஆளுடைய கை மட்டும் ஊரிலேயே நின்றது. இல்லாத பனைக்கு அடித்த பந்தெல்லாம் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. இரண்டு வருஷமாக ஆண்கள் அணி முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்தது. போன வருஷம் ஒரு விளையாட்டு அலுவலர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "அடுத்த முறையும் இப்பிடியெண்டால் உங்களுக்குத் தனி ரீம் இல்லை. வேலணை ரீமோட சேந்து விளையாடுங்கோ." சேர்ந்தால் சேட்டின் முதுகில் நெடுந்தீவு என்ற பேர் இருக்காது. வண்டி வயிறு வைத்த லாண்ட்மாஸ்டர்காரனை யாரும் எடுக்கவும் மாட்டார்கள்.

இந்த முறை முதல் ஆட்டத்தை அணியிலிருந்த அனோஜன் மாஸ்டர் வென்றார். இரட்டையர் ஆட்டம் தோற்றது. மூன்றாவது, முடிவு சொல்கிற ஆட்டம், கோபிசங்கரின் தலையில் விழுந்தது. எதிரில் வசீகரன் என்ற பட்டினத்துப் பொடியன். நாலு றக்கெற், ஒரு பயிற்றுநர், சேட்டுக்குப் பொருத்தமான சப்பாத்து.

முதல் செற்றில் பந்து பனையடிக்கே போனது.

"அண்ணை, பனையை மறவுங்கோ!" என்று கத்தினார் அனோஜன் மாஸ்டர்.

"நான் மறந்திட்டன் மாஸ்டர், கைதான் மறக்குதில்லை!"

சனம் சிரித்தது. செற்றும் போனது. இரண்டு பேரும் தண்ணீர் குடிக்கப் போய் ஓரத்து வாங்குப் பலகையில் இருந்தார்கள். மண்டபம் பாண் சுடும் போறணை மாதிரிக் கொதித்தது. திடீரென்று வசீகரன் எழும்பி நடுவரிடம் போனான்.

"சேர், ஏலாமக் கிடக்கு. கதவைத் திறந்து விடச் சொல்லுங்கோ."

நடுவர் கோபிசங்கரைப் பார்த்தார். "உமக்கு ஓமோ?"

"தம்பி ஆசைப்படுறார். திறவுங்கோவன்" என்றார் இவர், பெரிய மனது பண்ணி.

மண்டபத்து ஆட்கள் இரண்டு பக்கக் கதவுகளையும் அகலத் திறந்தார்கள். சோளகம் கேட்டுக் கேள்வியில்லாமல் உள்ளே வந்தது. கோபிசங்கர் காற்சட்டைப் பையிலிருந்து இறகை எடுத்து விட்டார். அது குறுக்கே பறந்து நடுவரின் மடியில் போய் இருந்தது.

பிறகு பொடியன் அடித்த வடிவான பந்துகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போயின. றக்கெற்றை மாற்றினான். திரும்பவும் மாற்றினான். இவர் நடுவருக்கு எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்து ஓங்கி அடிப்பார்; பந்து வளைந்து வந்து மூலையில் குந்தும். பக்கம் மாறினாலும் அதே சுவரைப் பார்த்து அடிப்பார். அதுவும் மூலையில் குந்தும். இரண்டு செற்றும் நெடுந்தீவுக்கு. அடுத்த சுற்றில் கதவைப் பூட்டினார்கள், மூன்று ஆட்டமும் தோற்றுப் போனது. போகட்டும். முதல் சுற்றுத் தாண்டியாயிற்று. பேர் முதுகிலேயே நிற்கிறது.

மச்சான் பாலசிங்கமோ அந்த நேரம் வெளியில் றோல்ஸ் தின்றுகொண்டு நின்றார். கேட்டது பொடியன், திறந்தது மண்டபத்து ஆட்கள், கோபிசங்கர் பாவம், இருந்த இடத்தை விட்டு அசையாத மனிசன். போன கிழமை அனோஜன் மாஸ்டர் இதையெல்லாம் மாக்கிறேற் அக்காவின் கடையில் நியாயமாக எடுத்து விளக்கினார்.

"அப்ப மச்சான்காரன் கதவைத் திறக்கேல்லையோ?" என்றார் அக்கா, தேத்தண்ணி ஆறிப்போன முகத்தோடு. "கோபி, நீர் ஒண்டும் செய்யேல்லையோ?"

கோபிசங்கர் லாண்ட்மாஸ்டர்ப் பெட்டி விளிம்பில் இருந்தபடி இறகை நழுவவிட்டார். அது போன பக்கம் பார்த்து முதுகைத் திருப்பி, பீடியைப் பற்றவைத்தார்.

"விசர்க்கதை. மச்சான் கதவுப் பக்கமே போகேல்லை. வாங்கில அந்தப் பொடியனுக்குப் பக்கத்தில நகந்து இருந்து, 'தம்பி, உமக்குப் புழுங்கேல்லையோ?' எண்டு கேட்டது நான்தான்."