பிரிஜெட் ஆன்ட்டியின் குடகு மிளகு

ரிச்சர்ட்ஸ் டவுன் பிரிஜெட் ஆன்ட்டி ரசம் வைத்தால் பெங்களூர் முழுக்க ஜலதோஷம் ஓடிப்போகும். மோட்சத்தில் சம்மனசுகள் இறக்கையை மடக்கிக்கொண்டு கிண்ணத்தோடு வரிசை கட்டுவார்கள். சொல்வது நானில்லை, என் அப்பா. அதுவும் நான் வைத்த ரசத்தை முன்னால் வைத்துக்கொண்டே சொல்வார்.

அம்மா மில் வேலைக்குப் போகத் தொடங்கியதும் எட்டாவதோடு என்னை நிறுத்தி அடுப்படியில் விட்டார்கள். ஒரு நாளாவது அப்பா என் ரசத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அவரோ ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் போய் டம்ளர் டம்ளராகக் குடித்துவிட்டு வருவார். எனக்கு வயிறு எரியும்.

ஆன்ட்டி கான்வென்ட்டில் தையல் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. கைப்பையில் ஒட்டுப் போட்டிருக்கும்; ஆனால் மளிகைக்கு முனைக்கடை ஆகாது, பஸ் ஏறி சிட்டி மார்க்கெட்டுக்கே போவார். கடைக்காரர் கண்ணெதிரே பருப்பைக் கடித்து, "போன வருஷத்துச் சரக்குப்பா இது" என்று துப்புவார். மிளகு மட்டும் குடகு எஸ்டேட்டிலிருந்து அவர் தம்பி அனுப்புவது.

"கைப்பக்குவமெல்லாம் சும்மாடி ஜூடித். சரக்கு நல்லாருந்தா கண்ண மூடிக்கினு வெச்சாலும் ருசிக்கும்" என்று ஒருநாள் சொன்னார்.

எனக்கு அது போதாதா? எங்கள் மரத்துப் பப்பாளி விதையைக் காயவைத்தேன். அச்சு அசல் மிளகு. சனிக்கிழமை ஆன்ட்டி சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லப் போயிருந்தபோது அவர் அடுப்படியில் புகுந்து, டப்பாவில் விதையை நிரப்பிவிட்டு, மிளகைத் தாவணியில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பூசை முடிந்து, சட்டை மாற்ற வீட்டுக்குள் வந்த அப்பாவை, அந்த மிளகில் நான் வைத்த ரசத்தின் வாசனையே உட்காரவைத்தது. ஒரு வாய் குடித்தார்.

"இன்னும் ஊத்தும்மா."

டம்ளர் வழிய ஊற்றினேன்.

"அப்படியே பிரிஜெட் வெச்ச மாதிரியே இருக்கு!"

பாவி மனுஷன்!

அப்போது ஆன்ட்டி உள்ளே வந்தார். முந்தானையை விலக்கி, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு டம்ளர் தண்ணீரைக் காட்டினார். என் விதைகள் ஜம்மென்று மிதந்தன. நல்ல மிளகு மூழ்கும் என்று எனக்கு யார் சொன்னது?

"பிரிஜெட், நீயும் குடிச்சுப் பாரு. என் பொண்ணு வெச்சது" என்றார் அப்பா.

என் பொண்ணு! அதைக் கேட்டு ஆன்ட்டி என்னையே பார்த்தார். பிறகு கரண்டியில் எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"நல்லாத்தான் வெச்சிருக்கா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, என் காதருகே குனிந்தார்.

"மிளகு என்னுது, புளி உன்னுது. பழம்புளிடி அது, கசக்குது. திருடுறதுதான் திருடுனே, என் புளியையும் சேத்துத் தூக்கியிருக்கக் கூடாதா?"