மாவு மூட்டைப் புலி

சட்டையிலிருந்து பாதி பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது அந்தப் புலி. செனாவாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கடைசி மகன், தன் குழுவுக்காக லோபாக் சந்தையில் மலிவாக வாங்கிவந்த கால்பந்தாட்டச் சட்டை. தேசியக் குழுவின் சட்டையைப் பார்த்துச் செய்த போலி. முதல் துவைப்பிலேயே நெஞ்சுச் சின்னம் கழன்றுவிட்டது. "தைச்சுக் குடும்மா. பாக்க பூனை மாதிரிதான் இருக்கு, ஆனா அது இல்லாட்டி நல்லா இருக்காதுலா" என்று மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். ஊசியில் நூலைக் கோத்துவிட்டேன். கைதான் நகரவில்லை.

நான் தைத்த முதல் புலியும் பூனை மாதிரிதான் இருந்தது. ஜப்பான்காரன் காலம் அது. கோலா சாவா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினெட்டு. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்குதான். பெரிய ஆட்களே கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு திரிந்தார்கள். அந்தக் காய்ந்த வயிற்றோடும் அண்ணனுக்குப் பந்தாட்டம் வேண்டியிருந்தது. சண்டைக்கு முன்னால் சிரம்பான் திடலில் ஒரு குழுவைப் பார்த்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, மார்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, இடப்பக்கம் புலித்தலை. நமக்கும் அதே மாதிரி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

தோட்டத்துக் கடையில் மிஞ்சிக் கிடந்த மாவு மூட்டைகளை அம்மா பிரித்து, துவைத்து, ஏழு சட்டை தைத்தார். மீதி நாலு பேர் வெற்றுடம்பில் செம்மண்ணைக் குழைத்துப் பட்டை போட்டுக்கொண்டார்கள். வேர்த்தால் பட்டை வயிற்றுக்கு இறங்கிவிடும். பழைய காலுறையை ரப்பர் பாலில் முக்கிக் காயவைத்துக் காலணி செய்தார்கள். அந்த நாற்றம் ஆள் வருவதற்கு முன்னாலேயே வந்துவிடும். அண்ணன் சட்டைக்கு மட்டும் அம்மா தன் சிவப்புச் சேலையின் கரையைக் கிழித்துப் பட்டை வைத்தார். புலி என் பொறுப்பு. ஒரு துண்டுத் துணியில் சிவப்பு நூலால் தலையும் மீசையும் போட்டு, கழன்றுவிடக் கூடாதென்று இரட்டைத் தையலாகச் சட்டையில் பிடித்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, "பூனையா இருந்தா என்னா, எலிங்க பயப்படும்ல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தச் சட்டையோடு அவர் ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். அடுத்த வாரம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர்களைப் படித்தார். சயாமில் ரயில் ரோடு போட வீட்டுக்கு ஓர் ஆள், மூன்றே மாதம். எங்கள் வீட்டில் அப்பாவின் பெயர். அப்பா காய்ச்சலில் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தார். "நான் போறேன்" என்று அண்ணன் லாரியில் ஏறினார். கிழியாத சட்டை அது ஒன்றுதான் என்று அம்மாதான் போட்டு அனுப்பினார். மூன்று மாதம் போனது. பிறகு இரண்டு வருடமும் போனது.

ஜப்பான்காரன் தோற்ற பிறகு சயாமுக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒரு மத்தியானம் அம்மா வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். செம்மண் சாலையில் தூரத்தில் சிவப்புப் பட்டை தெரிந்தது. கத்தியைப் போட்டுவிட்டு "ராசா, ராசா" என்று ஓடினார். நானும் ஓடினேன். நெருங்கியதும் அம்மா நின்றுவிட்டார். வந்தவர் முப்பது வயதுக்காரர், காலெல்லாம் புண். ரந்தாவ் பக்கத்துத் தோட்டமாம். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டார். "இந்தச் சட்டைய அவரு செத்தப்புறம்தாம்மா எடுத்தேன். வாந்திபேதி. உசுரோட இருக்கயில எடுக்கல. அவரு தோட்டத்துப் பேரைச் சொல்லியிருந்தாரு, அதான் சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

அம்மா கேட்டது ஒன்றுதான். "மேல என்னா போட்டு மூடுனீங்க?"

"மூங்கில் இலைம்மா" என்றார் அவர்.

உடல் கிடைக்காதவருக்குப் புல்லில் உருவம் கட்டி எரிப்பது எங்கள் வழக்கம். அதன்மேல் போட அண்ணன் உடம்பில் பட்ட துணி வேறெதுவும் வீட்டில் இல்லை. வந்தவர் சட்டையைக் கழற்றப்போனார். எலும்பாக இருந்த அந்த நெஞ்சைப் பார்த்து அம்மா தடுத்துவிட்டார். "நீ உங்கம்மாகிட்ட வெறும் உடம்போட போவாத. புலியை மட்டும் குடு" என்றார். வாசலுக்குக் கூட்டிவந்து, போட்டுவிட்டு ஓடிய கிழங்குக் கத்தியின் நுனியால் ஒவ்வொரு தையலாக அறுத்தார். என் இரட்டைத் தையல் லேசில் விடவில்லை. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். அம்மாவின் கண்ணீர் அந்தச் சட்டை மேலேயே சொட்டியது. இவ்வளவு கெட்டியாகத் தைத்துத் தொலைத்தோமே என்று என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் உயிரோடு இருந்தார், அண்ணன் இல்லை என்று அவர்மேலும் வந்தது. மறுநாள் புல் உருவத்தின் நெஞ்சில் புலியை வைத்து அப்பா தீ வைத்தார்.

மகன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து சட்டையை வாங்கிப் பார்த்தான். சுற்றிலும் நாலைந்து நீளத் தையல்தான் போட்டிருந்தேன்.

"என்னம்மா இது, ஒரு ஆட்டத்துக்குக்கூட நிக்காதுலா."

"நிக்காட்டிப் போவுது. பிரிக்கச் சுலபமா இருக்கணும்."

"இத யாரும்மா பிரிக்கப் போறா?" என்று சிரித்துக்கொண்டே சட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டான்.