வற்றத்தில் திறந்த மதகு

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் கிள்ளானில் ஒரு நாய்ப் பண்ணையில் எட்டு மாதம் இருந்தேன். அதற்கு முன் பிரிக்பீல்ட்ஸில் லோரி கழுவினேன். முதலாளி, ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்தார். பெட்டாலிங் ஜெயா பங்களாக்காரர்களுக்கு அல்சேஷன் குட்டி வளர்த்து விற்றார். முப்பது நாய்கள். பீயை அள்ளுவது என் வேலை.

அள்ளுவது என்ன, குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சிக் கால்வாயில் தள்ளுவதுதான். கால்வாயின் முடிவில் மரக்கதவு போட்ட ஒரு மதகு. கடல் தண்ணீர் ஏறும்போது மூடி வைத்து, வற்றத்தில் இறங்கும்போது திறக்க வேண்டும். திறந்தால் ஒரு நாள் பீ முழுக்க ஆற்று முகத்துவாரத்துக்குப் போய்விடும். உப்புத் தண்ணீர் எதையும் கொன்றுவிடும் என்று முதலாளி நம்பினார். நானும் நம்பினேன். குனிந்து குழி தோண்ட வேண்டியதில்லையே.

மதகுக்கு அப்பால் அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஒரு சேற்றுத் திட்டு. நீர்நாய்க் கூட்டம் ஒன்று அங்கேதான் மீனும் நண்டும் தின்னும். கரையோரப் பலகை வீட்டில் தனியாக ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் மூட்டை விழுந்து இடுப்பு போனவர். கூட்டம் விட்டுப்போன குட்டி ஒன்றை எடுத்து வளர்த்தார். பகலில் அது திட்டுக்குப் போகும், கூப்பிட்டால் வரும். அவர் வீட்டுக்கு வேறு யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

அந்த மழைக்காலத்தில் நாய்க்குட்டிகளுக்கு ரத்தமாகப் போனது. ஒரு வாரத்தில் பாதிக் குட்டிகள் செத்தன. மிருக டாக்டர் வந்து பார்த்தார்.

"இந்தப் பீயில இருக்கிற கிருமி லேசில சாகாது. குழி வெட்டி சுண்ணாம்பு போட்டு மூடு. தண்ணில விட்டுடாத லா, நீர்நாய்க்கும் புடிச்சாலும் புடிக்கும்."

அவர் கார் கிளம்பியதும் முதலாளி சொன்னார்: "உவர் கதைப்பார். சனிக்கிழமை ஆக்கள் குட்டி பாக்க வருகினம். கழுவி விடு."

இரண்டு தடவை மண்வெட்டி போட்டுப் பார்த்தேன். சேறும் வேரும். எறிந்துவிட்டுப் போய் மதகைத் திறந்தேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பலகை வீட்டு மனிதர் நீர்நாயைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். அதன் பின்பக்கம் முழுக்க ரத்தம். கண் மட்டும் திறந்திருந்தது.

"தம்பி, நீங்க நாய்க்கு ஊசி போடுவீங்கல்ல? இதுக்கும் ஒண்ணு போடுங்க. மூணு நாளா ஒண்ணும் திங்கல."

முதலாளி வாசலிலேயே மறித்தார். "உது என்ன, நாயோ? என்ர குட்டியளுக்கு நோய் வருத்தத்தைக் கொண்டு வாறியே?" பிறகு என் காதருகில், "வெறும் தண்ணிய ஏத்திப்போட்டு அனுப்பு" என்றார்.

ஏற்றினேன். தடித்த தோல், ஊசி இரண்டு தடவை வளைந்தது. அது கத்தக்கூட இல்லை. அவர் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சந்தான்டா, இன்னும் கொஞ்சந்தான்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் காலை வேலியோரம் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து ஒரு கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"விடியறதுக்குள்ள போயிருச்சு தம்பி. உங்க மேல குத்தம் இல்ல. நீங்க செய்ய வேண்டியத செஞ்சீங்க."

"எங்க பொதைச்சீங்க?"

"பொதைக்கல. அதுங்க கூட்டத்தோட இருக்கட்டும்னு திட்டுல கொண்டுபோய்ப் போட்டேன். எல்லாம் சுத்தி வந்து மோந்து பாத்துச்சுங்க. ஒரே கத்தல்."

தண்ணீர் இறங்கியிருந்த நேரம். கூட்டத்துக்கும் தொற்றுவதற்குள் உடலை எடுத்துப் புதைக்க அவகாசம் இருந்தது. டாக்டர் சொன்னதை நான் சொல்லியிருந்தால், அந்த இடுப்போடு அவரே போய் எடுத்திருப்பார். அதைச் சொன்னால் மதகைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

"நல்லதுதான் செஞ்சீங்க அண்ணே" என்றேன்.