கட்டைவிரலில் ஒரு துணிச்சுற்று

மலாக்காவின் பண்டார் ஹிலிர் திடலிலும் அதை ஒட்டிய குன்றுப் பாதையிலும் அம்மா குப்பை பொறுக்கும் வேலை பார்த்தார். சுதந்திரம் கிடைத்த மறு வருடம், பள்ளி விடுமுறையில், காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டில் என்னைத் தனியே விட மனமில்லாமல் கூடவே அழைத்துப் போனார். எனக்கு ஏழு வயது. எதிலும் மூக்கை நுழைக்கிற பெண் என்று பெயர் எடுத்திருந்தேன்.

அந்த வேலையில் இத்தனை சட்டங்கள் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? கண் போகாத இடத்தில் கை போகக் கூடாது. டின்னைக் கம்பால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தூக்க வேண்டும்; உள்ளே பூரான் குடியிருக்கலாம். காகிதத்தை ஆணிக்கம்பால் குத்திக் கோணியில் போடலாம். உடைந்த பாட்டில் மட்டும் மண்ணெண்ணெய் டின்னுக்குத்தான் போக வேண்டும். கோணியில் இருந்தால் சுமக்கும்போது முதுகைக் கிழித்துவிடும். நான் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மாவும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த வாரம் அவர் வலது கட்டைவிரலில் பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருந்தார். புண்ணும் இல்லை, வீக்கமும் இல்லை.

“எதுக்கும்மா துணி?”

“வெள்ளிக்கெழம பிரஜாவுரிமைக்குக் கைநாட்டு வெக்கணும். ரேகை சுத்தமா இருக்கணுமாம்.”

அப்பா மலாக்காவில் பிறந்தவர், அவருக்கு அந்தக் கவலை இல்லை. அம்மா கப்பலில் வந்தவர். மாதக் கடைசிக்குள் பதிந்துகொண்டால் மொழிப் பரீட்சை கிடையாது என்று ஊரெல்லாம் பேச்சு. பிரஜாவுரிமையைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். அதில் எனக்குப் பங்கு உண்டா என்று கேட்டதற்கு அம்மா வெகுநேரம் சிரித்தார்.

புதன்கிழமை, குன்றுப் பாதை ஓரப் புல்லுக்குள் பச்சையாக ஏதோ மின்னியது. கோலிக்குண்டு என்று நினைத்தேன். சட்டமெல்லாம் மறந்துபோய்க் கையை நீட்டினேன். ஓடிவந்த அம்மா என் கையைத் தட்டிவிட்டார். தடுமாறியதில் அவர் கை அதே புல்லில் ஊன்றியது. பாட்டில் சில்லு துணியையும் தாண்டி விரலைக் குறுக்கே கிழித்துவிட்டது.

அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து விரலைப் பார்த்துப் பார்த்து அழுதார். இதைவிடப் பெரிய வெட்டுக்கெல்லாம் மஞ்சளை அப்பிக்கொண்டு வேலை பார்த்தவர், இத்துனூண்டு காயத்துக்கு இப்படி அழுகிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

காயம் பட்ட ரேகை செல்லாது என்று வீட்டில் தாங்களாகவே முடிவுகட்டினார்கள். யாரையும் கேட்கவில்லை. புண் ஆறிப் பொருக்கு உதிர்ந்த பிறகுதான் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த தமிழ்க் குமாஸ்தா நடந்ததைக் கேட்டுவிட்டு விரலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“வேற வெரல வெச்சிருக்கலாமேம்மா. கெடு போன வாரமே முடிஞ்சிருச்சி. இனிமே பரீட்சைல பாஸ் பண்ணணும்.”

பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அம்மாவுக்குப் பரீட்சை என்ற சொல்லே பயம். பிறகு அந்தப் பக்கம் அவர் போகவே இல்லை.

சில வருடங்களில் வண்ண அடையாளக் கார்டுகள் வந்தன. குடிமக்களுக்கு நீலம், மற்றவர்களுக்குச் சிவப்பு. அப்பாவுடையது நீலம். எங்கள் வரிசை வீடுகளிலேயே அம்மாவின் கார்டுதான் அழகு என்று கூட்டாளிகளிடம் நான் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.