சறுக்காத கட்டை

வீட்டில் எல்லோருக்கும் அவள் டீச்சர். அப்பாவுக்கு மட்டும் டீச்சரம்மா. பள்ளியில் இயற்பியல் எடுக்கிறவள். கல்யாணப் பேச்சு வந்து வந்து அலுத்துப்போய்த் தானாகவே நின்றுவிட்டது. அண்ணன் வீட்டின் பின்னறை அவளுடையதானது.

பாடங்களிலேயே அவளுக்கு விசைகள்மேல்தான் கொள்ளைப் பிரியம். வருஷா வருஷம் கரும்பலகையில் அதே சாய்தளம், அதன்மேல் அதே மரக்கட்டை. கட்டையின் நடுவிலிருந்து நேர்கீழாக ஓர் அம்பு, எடை. சாய்தளத்துக்குச் செங்குத்தாக இன்னொன்று, பலகை கட்டையைத் திருப்பித் தள்ளும் விசை. பலகையை ஒட்டி மேல்நோக்கி மூன்றாவது, சறுக்க விடாமல் பிடிக்கும் உராய்வு. "கட்டை நகரலைன்னா அதுமேல எந்த விசையும் இல்லைன்னு எழுதி வைக்காதீங்க" என்பாள். "ஒண்ணு கீழே இழுக்குது, ஒண்ணு பிடிச்சு நிறுத்துது. ரெண்டும் சமம். அதான் சும்மா இருக்கிற மாதிரி தெரியுது."

அப்பா பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபின், முன்னறை ஜன்னலோரம் ஒரு வாடகைக் கட்டிலைப் போட்டார்கள். கால்மாட்டிலிருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு உயரும். வாரம் ஒருமுறை வந்துபோகும் நர்ஸ், தலைமாட்டைச் சாப்பிடும் நேரம் தவிர உயர்த்தக் கூடாது, கீழே சறுக்கினால் இரண்டு பேர் விரிப்போடு சேர்த்துத் தூக்கி வைக்க வேண்டும், இழுக்கவே கூடாது என்று சொல்லியிருந்தாள். அண்ணி அதை ஒரு வார்த்தை விடாமல் எல்லோரிடமும் ஒப்பித்தாள். பகல் முழுக்க மாமனாரைப் பார்த்துக்கொண்டது அவள்தான். நர்ஸ் சொன்னதிலிருந்து இம்மி பிசகமாட்டாள். அப்பா அவளுக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்தார்.

சாயங்காலம் அண்ணி தையல் கடைக்குப் போனதும் டீச்சரின் முறை. அவள் பையை வைப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிடுவார்.

"இன்ஸ்பெக்டர் டியூட்டி முடிஞ்சு போயாச்சு. தூக்கு, டீச்சரம்மா."

"நர்ஸ் திட்டுவாங்கப்பா."

"நாள் பூரா விட்டத்தையே பாக்குறேன். அதுல என்ன, பஸ்ஸா போகுது?"

அவள் சிரித்துக்கொண்டே சுற்றுவாள். தெரு தெரிகிற வரைக்கும், பிறகு முனை நிறுத்தம் தெரிகிற வரைக்கும். அப்பாவின் கோணிய வாயில் உயிர் வந்துவிடும். "பாத்தியா அவன் பிரேக் போடுற லட்சணத்தை! உள்ள நிக்கிறவன் எல்லாம் முன்னாடி போய் விழுறான். பஸ் நின்னுட்டா ஆளும் நின்னுடுவான்னு நினைக்கிறான், மடையன். உன் கிளாஸ்ல கொண்டுபோய் உக்கார வை." அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சறுக்கியிருப்பார். அவள் பின்னால் போய், அக்குளில் கைகொடுத்து, ஒரே இழுப்பில் மேலே கொண்டுவருவாள். அண்ணி திரும்புவதற்குள் கட்டிலை இறக்கிவிடுவாள். அது அப்பாவுக்கும் மகளுக்கும் இடையே இருந்த ரகசியம். அதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேலே, புண் வந்தது. மேலே பார்க்கச் சின்னதாக இருந்தது. உள்ளே குழிவிட்டிருக்கிறது என்றாள் நர்ஸ்.

அண்ணன் தன் மனைவிமேல் பாய்ந்தான். "பகல் பூரா பக்கத்துல நீதானே இருக்கே? திருப்பிப் படுக்க வைக்கிறதுகூட ஒரு பாரமா உனக்கு?"

"மணிக்கு மணி திருப்பித்தாங்க விடுறேன்."

"திருப்பினா எப்படி வரும்?"

டீச்சர் சோற்றுத் தட்டோடு நின்றிருந்தாள். அண்ணியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எங்கோ அசந்திருப்பாள் போல என்றும் ஓர் எண்ணம் வந்து போனது.

மறுநாள் ஆசிரியர் அறையில் கேள்வித்தாளுக்காகச் சாய்தளத்தை வரைந்துகொண்டிருந்தாள். கணக்கு வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கட்டையை எத்தனை வருஷமா அங்கேயே நிக்க வெச்சிருக்கீங்க டீச்சர்? பாவம், அதுக்கும் உடம்பு வலிக்காதா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வாய் திறந்தவளின் கை படத்தின்மேல் நின்றுவிட்டது. கட்டை ஒரே துண்டு. உராய்வு அடியைப் பிடித்தால் மொத்தக் கட்டையும் நிற்கும். மனிதன் ஒரே துண்டா? சாய்த்த கட்டிலில் உடம்பின் பாரம் எலும்பைக் கீழே இழுக்கும். விரிப்பின் உராய்வு தோலை இருந்த இடத்திலேயே பிடிக்கும். தோல் மேலே, எலும்பு கீழே, நடுவில் சதை. அது கிழிந்துகொண்டே இருந்திருக்கும், அவர் பஸ்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதெல்லாம். பிறகு அவள் இழுத்த இழுப்பு. அண்ணி திருப்பியதில் வந்ததல்ல அந்தப் புண்.

வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வந்தாள். அண்ணன் களைத்துப்போய் வந்தான். சாப்பிடட்டும் என்று விட்டாள். சாப்பிட்டதும் தூங்கட்டும் என்று விட்டாள். அப்படியே நாட்கள் போயின. கட்டிலை மட்டும் அவள் உயர்த்துவதில்லை.

"என்ன டீச்சரம்மா, உனக்கும் இன்ஸ்பெக்டர் பிரமோஷன் குடுத்துட்டாங்களா?" என்றார் அப்பா. அப்புறம் அவர் கேட்கவில்லை. புண் சீழ்பிடித்து, காய்ச்சல் கண்டு, அதிலேயே போய்ச் சேர்ந்தார்.

துக்கம் கேட்க வந்த பெரியம்மா, கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன இருந்தாலும் பெத்த பொண்ணு மாதிரி வருமா? நீ வேலைக்குப் போகாம வீட்டோட இருந்திருந்தா அந்த மனுஷன் உடம்பு புண்ணாகியிருக்குமா?"

தண்ணீர் கொண்டுவந்த அண்ணி கேட்டுக்கொண்டே தம்ளர்களை வைத்தாள்.

"பெரியம்மா, அந்தப் புண் என்னாலதான் வந்துச்சு" என்றாள் டீச்சர். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கேட்டீங்களா? எவ தலையையோ காப்பாத்தத் தன் தலையில போட்டுக்கிறா. தங்கமான மனசு." பெரியம்மா அவளை மார்போடு சேர்த்துக்கொண்டாள். சொல்லியும் பழி இடம் மாறவில்லை. அவளுக்குப் பாராட்டுதான் கூடியது.

அவள் உதறிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கட்டிலை உயர்த்தியது, தனியாக இழுத்தது, எலும்பு, தோல், எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் கை நின்றது.

"அப்போ... நான் இல்லையா?"

"இல்ல அண்ணி."

"நான் திருப்பும்போது எங்கேயோ நகம் பட்டுடுச்சுன்னுல்ல நெனச்சேன்? ஒட்ட வெட்டினேன். மாமா போனப்புறமும் வெட்டிக்கிட்டிருக்கேன்." விரல்களை நீட்டிக் காட்டினாள். நகம் இருக்க வேண்டிய இடமெல்லாம் சிவந்திருந்தது. "உனக்கு எப்போ தெரியும்?"

"புண் வந்த மறுநாளே."

அண்ணி குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். "அவர்கிட்ட போய்ச் சொல்லு. அழாம சொல்லு. அழுதா யாரும் நம்பமாட்டாங்க."

அண்ணன் வாசலில் வாடகை நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் அழாமல் சொன்னாள். அவன் கையிலிருந்த நாற்காலியை மடித்து முடித்தான்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீ அவங்களைத் திட்டினே. என்னைத் திட்டலை. எனக்கு அது வசதியா இருந்துச்சு."

அவன் நாற்காலியைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனான். குழாய்ச் சத்தம் நின்றது. அவன் ஏதோ சொன்னான். அண்ணி குழாயைத் திரும்பவும் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. அவன் மறுபடி சொன்னான். பாத்திரம் தேய்க்கும் சத்தம்தான் வந்தது. டீச்சர் மீதி நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்தாள், சத்தம் வராமல், ஒவ்வொன்றாக.